பதினோராம் பக்கத்தில் இல்லாத நாள்

கார்குபே
1993 ஜூலை 19

அனெலே அக்கா,

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவை மூடவைத்தது உங்கள் அலுவலகம். நலம் விசாரித்துவிட்டு இதை எழுதலாம் என்று உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். விசாரித்த பிறகு இதை எழுத முடியவில்லை. அதனால் முதலில் இது.

இயேசுவுக்குப் புகழ். நாங்கள் மூவரும் சுகம். தெக்லாவுக்கு நான்காம் மாதம். டிசம்பர் இருபது என்று மருத்துவச்சி ப்ரோனியா தேதி குறித்திருக்கிறாள். அன்யாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பால் பண்ணையில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். டேங்கர் வண்டியை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவன் என்பதால் என்னை வைத்திருக்கிறார்கள்.

எந்த ஆஸ்பத்திரியை வைத்துக்கொள்ளலாம், எதை மூடலாம் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்ல, உங்கள் அலுவலகம் கவனித்துக்கொள்ளும் இரண்டு வெளிநாட்டு நிபுணர்கள் வருவார்கள், ஜூன் முப்பது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வந்தது இருபத்துமூன்று. நடுக்கோடைத் திருவிழாவான லீகோ அன்று! வாடகைக் காரைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, ஒரு வாரம் மிச்சம் பிடிக்கலாம் என்று வந்துவிட்டார்கள். லீகோ அன்று இந்த நாட்டில் எவன் வேலை செய்கிறான்? எப்போதும்போல முந்தின நாளே நடக்க முடிந்த நோயாளிகளை எல்லாம் டாக்டர் யானிஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தாழ்வாரமெங்கும் திருவிழாவுக்குக் கட்டிய பிர்ச் மரக் கிளை. பணியில் இருந்தது ப்ரோனியா மட்டும், தலையில் பூ வளையத்தோடு.

“டாக்டர் எங்கே?” என்று கேட்டிருக்கிறார்கள். இவள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைக் காட்டி, “அங்கதான் எல்லாரும். பேர்த் திருநாளாச்சே, யானிஸ்னு பேரு வச்சவரு வீட்ல இன்னைக்கு இல்லாம வேற எங்க இருப்பாங்க?” என்றிருக்கிறாள். அவர்கள் எதிர்வீட்டுக்குப் போனார்கள். டாக்டர் கருவாலி இலைக் கிரீடத்தோடு பீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் சீரகப் பாலாடைக் கட்டியும் பீரும் கொடுத்தார். சாப்பிட்டார்கள். ஒருவன் கிரீடத்தை வாங்கி வைத்துக்கொண்டு படம்கூட எடுத்துக்கொண்டான். பிறகு காரில் ஏறிப் போய் எழுதிக் கொடுத்துவிட்டான்: படுக்கை நாற்பது. நோயாளிகள் மூன்று. பிரசவப் பிரிவு காலி. பணியில் மருத்துவர் எவரும் இல்லை. தலைமை மருத்துவர் குடிபோதையில்.

மறுநாள் காலையில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. அதை எழுத யாரும் இல்லை.

நவம்பர் ஒன்றோடு பிரசவப் பிரிவு மூடல் என்று உத்தரவு வந்திருக்கிறது. அதன்பிறகு ரேஸெக்னே நகர ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறுபத்துநான்கு கிலோமீட்டர். அன்யா பிறந்தபோது தெக்லாவுக்கு இரத்தம் நிற்காமல் போனது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி எட்டு நிமிட நடையில் இருந்ததால் பிழைத்தாள்.

அவர்களை இன்னொரு முறை வரச் சொல். ஏதாவது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. அவ்வளவுதான்.

தம்பி,
டோனாட்ஸ்


ரீகா
1993 ஆகஸ்ட் 2

அன்புள்ள டோனாட்ஸ்,

என்றென்றும் புகழ். உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்பு பரவாயில்லை. மாடிக் குழாயில் வெந்நீர் ஜூன் மாதத்திலிருந்து வருவதில்லை, மற்றபடி குறையில்லை. தெக்லா கனமான எதையும் தூக்க வேண்டாம். அலுவலகத்துக்கு வந்த ஜெர்மன்காரர் ஒருவர் சத்து மாத்திரை தந்தார்; தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு.

நீ எழுதிய விஷயத்தை விசாரித்தேன். அந்த நிபுணர்கள் எங்கே எப்போது போக வேண்டும் என்பதை அவர்களேதான் முடிவு செய்தார்கள். எங்கள் அலுவலகம் வருகிறவர்களை வரவேற்கிறது, தங்க இடம் பார்க்கிறது, மொழிபெயர்க்கிறது. அதற்கு மேல் எங்களுக்கு அதிகாரம் இல்லை.

அன்யாவின் பல்லை அடுப்புக்குப் பின்னால் போட்டீர்களா?

அக்கா,
அனெலே


கார்குபே
1993 ஆகஸ்ட் 9

அனெலே அக்கா,

இயேசுவுக்குப் புகழ். மாத்திரை வந்தது. தெக்லா முகர்ந்து பார்த்துவிட்டு, “மாட்டுத் தீவனம் மாதிரி வாடை அடிக்குது, ஆனா உங்க அக்கா அனுப்புனது, முழுங்குறேன்” என்றாள். எல்லோரும் சுகம். வைக்கோல் உள்ளே வந்துவிட்டது.

ஒன்று கண்டுபிடித்துவிட்டோம். அந்த இரண்டு பேரும் ப்ரோனியாவின் அறை ஜன்னல் விளிம்பில் ஒரு சின்னப் புத்தகத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். ‘லாட்வியா: வருகை தரும் வெளிநாட்டு நிபுணர்களுக்கான அடிப்படைத் தகவல்கள்.’ பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியாரம்மா வாசித்துச் சொன்னார். மக்கள்தொகை இருபத்தாறு லட்சம். மின்சாரம் இருநூற்று இருபது வோல்ட். எந்த இடத்திலிருந்தும் 03 என்று சுழற்றினால் ஆம்புலன்ஸ் வரும். (அப்போது ப்ரோனியா சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது. எங்கள் ஆம்புலன்ஸுக்கு ஏப்ரலிலிருந்து டயர் இல்லை.) வீட்டுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். பூங்கொத்தில் ஒற்றைப்படைப் பூக்கள்தான் இருக்க வேண்டும், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு.

குளிர்காலத்தில் நீ ஒரு புத்தகம் தயாரிப்பதாக எழுதினாயே, அது இதுதானே? பூ விஷயம் உன் எழுத்து என்று உடனே தெரிந்துவிட்டது.

பதினோராம் பக்கம், பொது விடுமுறை நாட்கள். புத்தாண்டு இருக்கிறது. ஈஸ்டர் இருக்கிறது. மே ஒன்று, நவம்பர் பதினெட்டு, கிறிஸ்துமஸ். ஜூன் மாதத்தில் ஒன்றுமே இல்லை. லீகோவும் இல்லை, மறுநாள் யானி திருநாளும் இல்லை. வாத்தியாரம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். இல்லை. டாக்டர் யானிஸ் மேஜையில் குத்தினார். “நம்ம நாட்டுல ரெண்டே நாள்தான்யா எல்லாப் பயலும் ஒண்ணா இருக்கான். அத விட்டுட்டு மே ஒண்ணாந்தேதிய போட்டிருக்கானுங்க. எந்த மாட்டுப்பய எழுதுனான் இத?”

நானும் அதைத்தான் கேட்கிறேன். பதினோராம் பக்கத்தை எழுதியது யார்? பேரை எழுது. பிரிவை மூடாதீர்கள் என்று ஊரார் கொடுக்கும் மனுவில் சேர்க்கப் போகிறோம். வந்தவர்கள் மேல் தப்பு இல்லை, தாளைப் பார்த்து வந்தார்கள். தாள் தப்பு என்று நிரூபித்தால் வேலை முடிந்தது.

டோனாட்ஸ்


ரீகா
1993 செப்டம்பர் 6

அன்புள்ள டோனாட்ஸ்,

என்றென்றும் புகழ். பதில் தாமதமாகிவிட்டது. சளிக் காய்ச்சல், இப்போது தேவலை. தெக்லாவுக்குக் கால் வீங்குகிறதா? வீங்கினால் உப்பைக் குறைக்கச் சொல்.

அந்தப் புத்தகத்தில் பல பேர் வேலை செய்தோம். பக்கங்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தன. பழைய ஆட்சியில் வெளிநாட்டு நிபுணர்களுக்குக் கொடுக்கிற புத்தகம் ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் தொடங்கினார்கள். அதில் நவம்பர் ஏழு புரட்சி நாள் இருந்தது, மே ஒன்பது வெற்றி நாள் இருந்தது. வேண்டாததை அடித்தார்கள். அந்த ஆட்சியில் யானி திருநாளை அச்சில் போட விட்டதில்லை என்பது உனக்கே தெரியும். அதனால் அடிக்கவும் அது அங்கே இல்லை. பழக்கவழக்கங்கள் பகுதியைத்தான் நான் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் துறைத் தலைவர் மூர்னியெக்ஸ் சொல்கிறார், அவர்கள் எந்த நாளில் வந்திருந்தாலும் கார்குபேயை மூடத்தான் சொல்லியிருப்பார்களாம். வருஷத்துக்கு நூற்றுக்கும் குறைவான பிரசவம் என்றால் கணக்கில் நிற்காதாம்.

சாம்பல் நிறக் கம்பளி நூல் நான்கு உருண்டை அனுப்பியிருக்கிறேன்.

அக்கா,
அனெலே


கார்குபே
1993 செப்டம்பர் 15

அனெலே அக்கா,

இயேசுவுக்குப் புகழ். நூல் கிடைத்தது. இங்கே மூவரும் சுகம். உருளைக்கிழங்கு தோண்டுகிறோம். தெக்லா குனியக் கூடாது என்று சொன்னால், “நான் குனியலன்னா உங்க அக்காவோட துறைத் தலைவர் வந்து தோண்டுவாரா?” என்கிறாள்.

எந்த நாளில் வந்திருந்தாலும் மூடியிருப்பார்கள் என்றால், எந்த நாளிலாவது வரட்டும். ஒருவனைத் தூங்கும்போது பார்த்துவிட்டுச் செத்துவிட்டான் என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பதா? சென்ற வருஷம் எங்கள் ஊரில் எண்பத்தொன்பது குழந்தைகள். தெக்லா தொண்ணூறு என்கிறாள், தெருமுனைக் குடும்பத்தின் இரட்டையை நான் ஒன்றாக எண்ணிவிட்டேனாம்.

ரீகாவில் இருக்கிற மருத்துவமனைக் கமிஷனோடு டாக்டர் யானிஸ் பேசிவிட்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. “எங்ககிட்ட இருக்கிறது ஒரு அறிக்கை. அது தப்புன்னா தப்புன்னு ஒரு காகிதம் வேணும். காகிதத்தைக் காகிதத்தாலதான் அடிக்க முடியும்” என்றார்களாம். என்ன காகிதம் தெரியுமா? உங்கள் அலுவலகம் இரண்டு வரி எழுத வேண்டும். நாங்கள் கொடுத்த விடுமுறைப் பட்டியலில் பிழை இருந்தது. ஜூன் 23 அன்று மருத்துவமனைகள் வழக்கப்படி இயங்குவதில்லை. கையெழுத்து, தேதி. அதை வைத்து மறு ஆய்வுக்கு உத்தரவிடுவார்கள். நவம்பருக்கு முன்னால் வந்தால் பிரிவை மூட மாட்டார்கள்.

யார் பட்டியல் போட்டார்கள் என்று இனிமேல் கேட்கவில்லை. பேர் எங்களுக்கு வேண்டாம். இரண்டு வரி வாங்கிக் கொடு. நீ அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாய்.

டோனாட்ஸ்


ரீகா
1993 செப்டம்பர் 28

அன்புள்ள டோனாட்ஸ்,

என்றென்றும் புகழ். நலம். அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடக்கிறது. எங்கள் அறையில் ஐந்து மேஜை, மூன்று பேர்.

மூர்னியெக்ஸிடம் சொல்லியிருக்கிறேன். சரியான நேரம் பார்த்துச் செய்ய வேண்டும் என்றார். பார்க்கலாம்.

அன்யாவுக்கு வண்ணப் பென்சில் அனுப்புகிறேன். பச்சை மட்டும் முனை ஒடிந்திருக்கிறது.

அக்கா,
அனெலே


கார்குபே
1993 நவம்பர் 3

அனெலே அக்கா,

இயேசுவுக்குப் புகழ். நாங்கள் சுகம்.

நேற்று முன்தினம் பிரசவப் பிரிவைக் காலி செய்தார்கள். லாரி பண்ணையிலிருந்து வந்ததால் ஏற்றுவதற்கு என்னையும் கூப்பிட்டார்கள். பிரசவக் கட்டிலைத் தாழ்வாரத்தில் திருப்ப முடியவில்லை. கால்களைக் கழற்றச் சொன்னார்கள். நான்தான் கழற்றினேன், ஸ்பேனர் என்னிடம் இருந்தது. ப்ரோனியா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லா எண்ணெ போட்டுக் கழட்டு டோனாட், மரை போயிரும். போற எடத்துலயாவது நிக்கட்டும்” என்றாள்.

டாக்டர் போன வாரம் ரீகா வந்து உங்கள் மூர்னியெக்ஸைப் பார்த்தார். அப்படி ஒரு கடிதம் வேண்டும் என்று தன்னிடம் யாருமே கேட்டதில்லை என்று அந்த ஆள் சொன்னாராம். பதினோராம் பக்கத்தைப் பற்றியே அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாராம். டாக்டர் வந்து என்னிடம், “உங்க அக்கா கேட்டாங்கன்னு சொன்னியேப்பா?” என்றார். கேட்டிருப்பாள், பெரிய மனுஷனுக்கு ஞாபகம் இருக்காது என்றேன். தெக்லா அடுப்படியில் கேட்டுக்கொண்டே விறகை உள்ளே தள்ளினாள்.

நீ கேட்டாய்தானே?

டோனாட்ஸ்


ரீகா
1993 நவம்பர் 12

அன்புள்ள டோனாட்ஸ்,

என்றென்றும் புகழ். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிற நாளுக்கு வர முடியவில்லை. அம்மா அப்பாவுக்கு என் சார்பில் ஏற்றியிருப்பாய்.

தெக்லாவை இங்கே அனுப்பு. டிசம்பர் தொடக்கத்திலேயே வரட்டும். என் அறையில் சோபா இருக்கிறது, நான் அதில் படுத்துக்கொள்வேன். பெரிய மகப்பேறு மருத்துவமனை டிராமில் ஆறு நிறுத்தம். நான் விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். ரயில் டிக்கெட்டும் அனுப்புகிறேன். இதுதான் நல்லது. மற்றதைப் பற்றி நேரில் பேசலாம்.

அக்கா,
அனெலே


கார்குபே
1993 நவம்பர் 21

அனெலே அண்ணிக்கு,

இயேசுவுக்குப் புகழ். இதை நான் எழுதுகிறேன், உங்கள் தம்பிக்குத் தெரியாது. உங்களுக்கு உடம்பு எப்படி? எனக்கு முதுகு வலிக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன். உள்ளே இருப்பது நன்றாக உதைக்கிறது.

கூப்பிட்டதற்கு நன்றி. வருகிறேன். டிசம்பர் நான்காம் தேதி பன்றி வெட்டுகிறோம். அதை உப்புப் போட்டு வைத்துவிட்டு ஆறாம் தேதி ரயில் ஏறுகிறேன். நான் இல்லாமல் இவரை விட்டால் தொத்திறைச்சியை மெக்கானிக் மாதிரி முறுக்கி வைப்பார்.

அண்ணி, ஒன்று சொல்ல வேண்டும். பதினோராம் பக்கத்தை எழுதியது யார் என்று எனக்கு ஆகஸ்டிலிருந்து தெரியும். பிப்ரவரியில் அச்சுக்குப் போகும் முன், ஆங்கிலத்துக்கு மாற்றாத நம் மொழித் தட்டச்சுத் தாள்களை எனக்கு அனுப்பினீர்களே, சாப்பாட்டுப் பேரெல்லாம் சரியா என்று பார்க்கச் சொல்லி. விடுமுறைப் பட்டியலும் அதில் இருந்தது. உங்கள் கையெழுத்தில் ஓரத்தில் திருத்தம் இருந்தது. புளித்த க்ரீமைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். விடுமுறைப் பட்டியலையும் வாசித்தேன். மேலிருந்து கீழே வாசித்தேன். எனக்கும் தெரியவில்லை. லீகோவை யாராவது எழுதி வைப்பார்களா? நம் ஆயுசில் எந்தத் தாளில் அது இருந்தது? தடை போட்ட காலத்திலும் அன்றைக்கு எல்லோரும் காணாமல்தான் போனார்கள். அதை ஒருவனுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தப்பு செய்ததற்கு எனக்குக் கோபமில்லை. நானும் பாதி செய்தவள். ஆனால் அதன்பிறகு நீங்கள் எழுதிய கடிதங்களை இவர் எனக்கு வாசித்துக் காட்டும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவர் உங்களைப் பற்றி ஊரெல்லாம் சண்டை போடுகிறார். “எங்க அக்கா கேட்டான்னா கேட்டதுதான்” என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

நான் சொல்லப் போவதில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்னால் கத்துவார், ஒரு நாள் கத்துவார். பிறகு சாப்பிட உட்காருவார். எனக்கு அவரைத் தெரியும்.

ஆறாம் தேதி பார்க்கலாம். தேனும் வெண்ணெயும் கொண்டு வருகிறேன்.

தெக்லா


கார்குபே
1993 டிசம்பர் 12

அனெலே அக்கா,

உன் தந்தி கிடைத்தது. நீ அடக்கத்துக்கு வரவில்லை என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பனியில் பஸ் ஓடவில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

நடந்ததை எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன்.

நவம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. மதியம் பன்னிரண்டரை மணிக்கு அன்யா பண்ணைக்கு ஓடி வந்தாள். “அம்மா தரையெல்லாம் நனைச்சிருச்சு.” நான் வீட்டுக்குப் போனபோது தெக்லா மேலங்கி போட்டு நின்றுகொண்டிருந்தாள். 03 சுழற்றினேன். ரேஸெக்னேவிலிருந்து அனுப்புகிறோம், இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். டேங்கரிலேயே கிளம்பினோம். நடுவில் அவள், பக்கத்தில் ப்ரோனியா. டேங்கில் ஆயிரம் லிட்டர் பால் இருந்தது. இறக்கிவிட்டு வந்திருந்தால் பத்து நிமிஷம் போயிருக்கும். இறக்காததால் மேடுகளில் வண்டி ஏறவில்லை. எது சரி என்று இன்றுவரை தெரியவில்லை.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் ரயில்வே கேட். சாத்தியிருந்தது. எண்ணெய் ஏற்றிய சரக்கு ரயில் பாதி கடந்து நின்றுவிட்டது. எஞ்சினில் ஏதோ கோளாறு. இறங்கிப் போய் கேட்காரனைக் கேட்டேன். “நான் என்ன சாமி, தோள்ல தூக்கிப் போடவா?” என்றான். பிறகு வண்டிக்குள் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். ரயிலின் இந்தப் பக்கத்தில் தெரிந்தவை பத்தொன்பது பெட்டிகள். திரும்பத் திரும்ப எண்ணினேன். ஐம்பது நிமிஷம் நின்றது.

பையன். கேட் திறப்பதற்கு முன்னால் பிறந்தான். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. ப்ரோனியா வாயில் ஊதினாள், தேய்த்தாள், தலைகீழாகப் பிடித்தாள். “ஒரு குழாயும் ஆக்ஸிஜனும் இருந்தா எடுத்திருப்பேன்டா. என் அலமாரில இருந்துச்சு. மூணாவது தட்டுல இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தெக்லாவுக்கு இரத்தம் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நின்றது. ஒன்பது நாளில் அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்து பாலை வாய்க்காலில் திறந்துவிட்டேன். புளித்துவிட்டது.

பையனுக்கு பியெட்டெரிஸ் என்று பேர் வைத்தோம். ஞானஸ்நானம் ஆகாதவன் என்றாலும் பாதிரியார் ஒத்துக்கொண்டார். அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

தெக்லா உருளைக்கிழங்கு உரிக்கிறாள். உரித்து முடித்தால் இன்னும் ஒரு வாளி கொண்டு வருகிறாள். நான் எதிரே உட்கார்ந்து உரித்ததைத் தண்ணீரில் போடுகிறேன்.

டோனாட்ஸ்


ரீகா
1994 ஜனவரி 10

அன்புள்ள டோனாட்ஸ், அன்புள்ள தெக்லா,

என்றென்றும் புகழ். பியெட்டெரிஸுக்காக இங்கே மெழுகுவத்தி ஏற்றினேன். காப்பி, அரிசி, சோப்பு, அன்யாவுக்குக் கையுறை அனுப்பியிருக்கிறேன். தெக்லா இரும்புச்சத்து மருந்தை நிறுத்த வேண்டாம். பால் குடிக்கட்டும்.

இங்கே குளிர் பதினெட்டு டிகிரி. நான் நலம்.

அனெலே


கார்குபே
1994 பிப்ரவரி 17

அக்கா,

நாங்கள் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன வாரம் பண்ணைக்கு ஒரு டென்மார்க்காரர் வந்தார். பாலைக் குளிர வைப்பதைப் பற்றிச் சொல்லித்தர. நல்ல மனிதர், பூட்ஸை வாசலிலேயே கழற்றினார். மேல்பையில் அந்தப் புத்தகம் வைத்திருந்தார். கேட்டு வாங்கிப் பார்த்தேன். இப்போது பதினோராம் பக்கத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை.

ஜூன் 23, ஜூன் 24 இருக்கிறது. அதன் கீழே சாய்ந்த எழுத்தில் இரண்டு வரி. வாத்தியாரம்மாவிடம் ஓடினேன். ‘இந்த நாட்களில் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் வழக்கப்படி இயங்குவதில்லை. வருகைகளைத் தவிர்க்கவும்.’ நாங்கள் கேட்ட அதே இரண்டு வரி. முதல் தாளைத் திருப்பச் சொன்னேன். இரண்டாம் பதிப்பு, செப்டம்பர் 1993. தொகுப்பும் திருத்தமும்: அனெலே வுசானே.

செப்டம்பர். அந்த மாதம் நீ எனக்குக் கம்பளி நூல் அனுப்பினாய்.

வீட்டுக்கு வந்து தெக்லாவிடம் காட்டினேன். “தெரியும்” என்றாள். எவ்வளவு நாளா என்றேன். “ஆகஸ்ட்லேர்ந்து. அவங்களே சொல்லுவாங்கன்னு பாத்தேன்.” ஏன்டி சொல்லல என்று கத்தினேன். “சொல்லியிருந்தா நீங்க ரீகாவுக்குப் போய் கத்தியிருப்பீங்க. நான் அவங்க வீட்டுக்குத்தான பிரசவத்துக்குப் போக இருந்தேன்” என்றாள். இரண்டு மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அது. நான் கத்துவதை நிறுத்தினேன்.

வேலை போய்விடும் என்று பயந்தாய். எனக்குப் புரியாதா? இந்த நாட்டில் இப்போது யாருக்குத்தான் அந்தப் பயம் இல்லை? நானே கட்டில் காலைக் கழற்றினேன், கழற்றமாட்டேன் என்று சொல்லவில்லை. மேலே இருக்கிறவன் ஒரு தாளில் எழுதுகிறான், அதற்கடுத்தவன் அதை நகல் எடுக்கிறான், கடைசியில் இருப்பவன் கையில் ஸ்பேனர் இருக்கிறது. ஆனால் நீ வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டாய். டென்மார்க்காரருக்குச் சொல்லிவிட்டாய். அவர் எந்த நாளிலும் தப்பாக வர மாட்டார். எங்களுக்குத்தான் சொல்லவில்லை.

மூடின பிரிவுகளின் பட்டியலைக் கமிஷன் மார்ச் பதினைந்தாம் தேதி மறுபடி எடுக்கிறது. காகிதம் வந்தால் இன்னும் வழி இருக்கிறது என்று டாக்டர் யானிஸ் சொல்கிறார். ஊரில் ஏப்ரலுக்குள் மூன்று பேருக்குத் தேதி குறித்திருக்கிறது. அதில் ஒருத்திக்கு வயசு பத்தொன்பது, இதுதான் முதல். நேற்று வந்து ப்ரோனியாவிடம், “கேட்டுக்கு இந்தப் பக்கமாவே பெத்துட்டா என்ன பண்ணுவீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ப்ரோனியா சிரிக்கவில்லை.

மூர்னியெக்ஸ் கையெழுத்து வேண்டாம். பட்டியலைத் தொகுத்தவளின் கையெழுத்து போதும் என்கிறார்கள். பட்டியலை எழுதியது நான், அதில் பிழை இருந்தது, அந்த நாளைப் பார்த்து ஆஸ்பத்திரியை எடைபோட்டது தப்பு. எழுது. எனக்கு அனுப்ப வேண்டாம். கமிஷனுக்கு அனுப்பு.

டோனாட்ஸ்


தந்தி
கார்குபே, 1994 மார்ச் 14, காலை 9.20

அனெலே வுசானே, ரீகா.

உன் காகிதம் கமிஷனுக்கு இன்னும் வரவில்லை. நாளை காலை பத்து மணிக்குக் கூடுகிறார்கள். நேரில் போய்க் கொடு.

டோனாட்ஸ்